கல்லின் பின்பக்கம்

காலையில் வேலைக்கு வந்ததும் நான் முதலில் செய்வது ஒரு கல்லுக்கு விளக்கேற்றுவது. அதன் பிறகுதான் புல்லுக்குத் தண்ணீர் விடுவேன், செடிகளில் பழுத்த இலைகளைப் பறிப்பேன். கீழே கடைகள், நடுவில் ஆஸ்பத்திரியும் ஆபீசுகளும், மேலே பன்னிரண்டு மாடி வீடுகள் என்று எல்லாம் ஒரே இடத்தில் அமைந்த பெரிய வளாகம் இது. வாசலை ஒட்டி, கருப்பு கிரானைட் பதித்த ஒரு சின்ன மண்டபத்தில் அந்தக் கல் இருக்கிறது. பித்தளைத் தகடு போர்த்தியிருக்கிறார்கள். புதிதாக வண்டி வாங்கியவர்கள் அங்கே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். மேல்மாடியில் குடியிருக்கும் ஒரு பெண் தன் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்பதை ஒரு நாள் பார்த்தேன். கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அது என்ன கல் என்று எனக்குத் தெரியும். அதைச் சாமி என்று முதலில் சொன்னவன் நான்.

மேலூர் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே வந்தால் எங்கள் ஊர் வயலுக்குப் பாயும் ஏரி, எங்கள் கண்மாய். எனக்குக் கல்யாணம் ஆன காலத்தில் அதன் மேல்கரைப் பக்கம் வெறும் கருவேலங்காடு. பிறகு பிளாட் போட்டார்கள். எனக்கு அதில்தான் பிழைப்பு வந்தது. மேலூரிலிருந்து லாரியில் வரும் கல்லுக்கால்களைக் குழி தோண்டி ஊன்றி, கம்பி இழுத்து வேலி போடுவது என் தொழில். என் மனைவியின் அண்ணன் மேஸ்திரி. அவர் ஆள் பிடிப்பார், பேசுவார், சிரிப்பார். நான் குழி தோண்டுவேன். அது எனக்குப் பொருத்தமான ஏற்பாடு. எனக்குக் கூட்டத்தில் பேச வராது. டீக்கடையில் சீனி குறைத்துப் போடச் சொல்லக் கூச்சப்பட்டு, வருஷக்கணக்காகப் பாகு மாதிரி டீ குடித்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட வீட்டில் சொன்ன காரணம் கஷ்டம். அதுவும் உண்மைதான். ஆனால் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போக வேண்டும், அங்கே புது ஆட்கள் இருப்பார்கள் என்ற பயமும் இருந்தது.

ஊருக்குள் ரேஷன் கடை, இங்கிலீஷ் பள்ளிக்கூடம், கறிக்கடை என்று ஒவ்வொன்றாக வந்தன. பாங்க்கில் வேலை பார்ப்பவர்கள், நர்சுகள், வாத்தியார்கள் என்று மாதச் சம்பளக்காரர்கள் வீடு கட்டி வந்தார்கள். காலையில் கண்மாய்க்கரையில் ஷூ போட்டு நடந்தார்கள். அவர்களில் ஒருவர் டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் தவறிவிட்டார், மகள் பக்கத்து டவுனில் கே.கே. நகரில் இருக்கிறாள். தனியாகத்தான் வீடு கட்டினார். அவருடைய மனைக்குக் கல்லுக்கால் ஊன்றியது நான்.

வேலை நடந்த மூன்று நாளும் ஒரு நாற்காலியைப் போட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கடைசி நாள் என்னிடம் கேட்டார்.

"தம்பி, இது கம்மாய்க்குப் பக்கமா இருக்கே. மழ பெஞ்சா தண்ணி வருமா? உள்ளதைச் சொல்லுங்க."

நான் கையைக் காட்டினேன். கருவேலங்காட்டின் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல் நின்றது.

"அந்தக் கல்லு தெரியுதா டீச்சர். கம்மா நெறஞ்சா தண்ணி அந்தக் கல்லத் தொடும். அதத் தாண்டி ஒரு நாளும் வராது. நானே ரெண்டு தடவ பாத்திருக்கேன்."

"அப்ப சரி" என்றார். அந்த வாரமே கடைக்கால் தோண்டினார்கள்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்மாய் நிறைந்து தண்ணீர் கல்லைத் தொட்ட அன்று, ஊர்ப் பெண்கள் முழங்கால் தண்ணீரில் நடந்து போய் அதற்கு மஞ்சள் பூசி, பூச்சுற்றி, குலவை போடுவார்கள். எப்போதாவது ஒரு வருஷம் நடக்கும். அந்த வருஷம் இரண்டு போகம் நெல் உண்டு என்று அர்த்தம். மற்ற வருஷங்களில் அந்தக் கல்லை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆடு மேய்ப்பவர்கள் சாய்ந்து உட்காருவார்கள். பொங்கலோ கொடையோ அதற்குக் கிடையாது. சாமி என்று யாரும் சொன்னதில்லை. "தண்ணி கல்லத் தொட்டிருச்சா" என்றுதான் கேட்பார்கள்.

வளாகம் வரப் போகிறது என்ற பேச்சு வந்து சில மாதங்களில் கம்பெனி ஆட்கள் இடத்தைப் பார்க்க வந்தார்கள். புதர் வெட்ட எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். மூன்று கால் கருவியை நிறுத்தி ஒரு இளவயது இன்ஜினீயர் அளந்துகொண்டிருந்தார். கல்லைப் பார்த்ததும் நின்றார். மேலே பழைய மஞ்சள் கறை இருந்தது. பக்கத்தில் அரிவாளோடு நின்றவன் நான்தான்.

"அண்ணே, இது என்ன கல்லு?"

எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது, முந்தின வருஷம் பக்கத்துக் கண்மாயில் பார்த்த ஒரு காட்சி. இதே மாதிரி ஒரு கல்லை ஜேசிபியால் தட்டி மூன்று துண்டாக்கி ரோட்டுக்கு அடியில் போட்டுவிட்டார்கள். அந்த வேலையிலும் நான் இருந்தேன். எல்லைக்கல் என்று சொன்னால் இதையும் உடைப்பார்கள் என்று தோன்றியது. சாமி என்று சொன்னால் கை வைக்க மாட்டார்கள்.

"சாமி சார்."

"என்ன சாமி?"

"கம்மாச்சாமி."

பின்னால் நின்ற ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் மறுக்கவில்லை. ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சக்தி உள்ள சாமி சார்" என்று சேர்த்துச் சொன்னார். இன்ஜினீயர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சமயத்துக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன்.

எல்லைக்கல்லை உடைத்தால் திருட்டுத்தனம். யாராவது ஒருவர் என்றைக்காவது கேட்பார். சாமியை நகர்த்துவது அப்படியல்ல, அது மரியாதை. நல்ல நாள் பார்க்கலாம், மேளம் வைக்கலாம், ஊரையே கூப்பிட்டுச் சாப்பாடு போடலாம். நான் யோசிக்காமல் விட்டது இதைத்தான்.

இரண்டு வாரத்தில் கம்பெனிக்காரர்கள் ஊரைக் கூட்டிச் சொன்னார்கள். சாமி காட்டுக்குள் அனாதையாக நிற்கிறது, எங்கள் செலவில் தண்ணீர் ஓரமாக மண்டபம் கட்டி வைக்கிறோம் என்றார்கள். ஊரே கைதட்டியது. அந்தக் கல்லைப் பெயர்த்து ஊன்ற ஆள் வேண்டும். கல் ஊன்றுகிறவன் ஊரில் யார்? மச்சான் என் தோளில் தட்டினார்.

"மாப்ள, சாமியக் கண்டுபிடிச்சவனே நீதான். நீயே தூக்கி வச்சிரு."

எல்லாரும் சிரித்தார்கள்.

பெயர்த்த அன்று குழிக்குள் நானும் மச்சானும் மட்டும். மற்றவர்கள் பொங்கல் வைக்கும் இடத்தில் இருந்தார்கள். கடப்பாரை போட்டு நெம்பியபோது கல் சாய்ந்து படுத்தது. இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்த பாகத்தில் ஒரு பக்கம் சீராகக் கொத்தியிருந்தது. மண்ணைத் துடைத்தேன். மேல் நோக்கிய ஒரு அம்புக்குறி. அதன் கீழே இரண்டு இங்கிலீஷ் எழுத்து. அதன் கீழே எண்கள். எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது. ஆனால் எத்தனையோ சர்வே கற்களைப் பார்த்த கை என்னுடையது. சர்க்கார் போட்ட கல் என்று பார்த்ததும் தெரிந்தது. கண்மாயின் எல்லையைக் காட்டும் கல்.

மச்சானுக்கு எழுத்து தெரியாது. குனிந்து பார்த்தார்.

"என்ன மாப்ள எழுதியிருக்கு? நீ அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவனாச்சே."

மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் குலவை போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். கம்பெனி மேனேஜர் வேட்டி கட்டி வந்து, வேலை முடிந்ததும் எனக்கு வளாகத்தில் நிரந்தர வேலை என்று காலையில்தான் சொல்லியிருந்தார். ஆனால் அந்த வேலைக்காக மட்டும் நான் எழுத்தை மறைத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். அத்தனை பேர் முன்னால் போய், இது சாமி இல்லை, நான் சொன்னது பொய் என்று நிற்க வேண்டுமே என்று நினைத்தபோதே என் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"ஒண்ணுமில்ல மச்சான். பழைய கீறலு."

"சரி, தூக்கு."

புது இடம் பழைய இடத்திலிருந்து தண்ணீர்ப் பக்கமாக நல்ல தூரம். நான் நடந்து எண்ணிப் பார்த்தபோது முந்நூறு எட்டுக்கு மேல் வந்தது. மண்டபத்தின் பின்சுவர் ஏற்கெனவே எழும்பியிருந்தது. கல்லைக் குழியில் இறக்கும்போது கொத்தன் கேட்டான், எந்தப் பக்கம் முன்பக்கம் என்று. வழவழப்பான பக்கத்தைக் காட்டினேன். எழுத்துள்ள பக்கம் சுவரைப் பார்த்துப் போனது. புது இடத்தில் கல்லை முன்னைவிட மேலே தூக்கி ஊன்றியதால் எழுத்து தரைக்கு மேலேதான் இருந்தது. இடையில் இருந்த சந்தில் சிமெண்டுப் பால் ஊற்றியதும் நான்தான்.

பிறகு சர்க்கார் சர்வேயர்கள் வந்து அளந்தார்கள். சர்க்கார் படத்தில் கண்மாயின் எல்லையில் ஒரு கல் குறித்திருந்ததாம். தரையில் கல் எங்கே நிற்கிறதோ அங்கேயிருந்து கயிறு பிடித்தார்கள். கண்மாயின் முந்நூறு எட்டு நிலம் வளாகத்துக்குள் போய்விட்டது. மேளம் வைத்துச் சாமி கும்பிட்ட கல்லைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. ஒருவரைத் தவிர.

டீச்சர் தினமும் காலையில் அந்தப் பக்கம் நடப்பவர். கல் இடம் மாறியதைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்றபடி கேட்டார்.

"தம்பி, தண்ணி இந்தக் கல்லத் தாண்டாதுன்னு நீங்கதான சொன்னீங்க. இப்ப கல்லையே தூக்கி வச்சிட்டாங்களே. கல்லு முன்ன இருந்த இடத்துல மண்ணடிச்சு மேடாக்குனா, அங்க வர்ற தண்ணி எங்க போகும்?"

எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அந்த மேட்டுக்கு அடுத்த பள்ளம் அவருடைய தெரு.

"கருத்துக் கேக்குற கூட்டம் வச்சிருக்காங்க. அதுல நான் பேசப் போறேன். நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்த சொன்னாப் போதும். பழைய ஆளு சொன்னா எடுபடும்."

"வாரேன் டீச்சர்" என்றேன். வருகிறேன் என்று சொன்னேன். பேசுகிறேன் என்று சொல்லவில்லை. பிறகு பல நாள் அந்த வித்தியாசத்தை எனக்கு நானே சொல்லிச் சமாதானம் தேடிப் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலமும் தண்ணீர்ப் பாட்டிலும் கொடுத்தார்கள். நான் கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்கார்ந்தேன். பலர் பேசினார்கள். உள்ளூர் ஆட்களுக்கு வேலை கிடைக்குமா என்று கேட்டார்கள், பஸ் வருமா என்று கேட்டார்கள். பிறகு டீச்சர் எழுந்தார். வகுப்பில் பேசுவது மாதிரி, நிறுத்தி நிறுத்திப் பேசினார். அந்தக் கல் கண்மாயின் எல்லைக்கல், அது முன்பு இருந்த இடம் வேறு, அதைச் சரிபார்க்க வேண்டும் என்றார்.

கம்பெனி ஆள் ஒருவர் பணிவாகச் சொன்னார். "மேடம், அது ஊர் சாமி. ஊரே சேர்ந்துதான் எடுத்து வச்சோம்."

நடு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சர், சர்ச்சுக்குப் போற உங்களுக்கு எங்க சாமி மேல எதுக்கு இம்புட்டு அக்கற?"

மண்டபமே சிரித்தது. கூட்டத்தை நடத்திய அதிகாரி மேசையைத் தட்டினார்.

"அது எல்லைக்கல்லுன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். அத்தனை தலைகளுக்கு நடுவில் நேராக என்னை. நான் பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தேன். அதன் ஓரத்தைக் கிழிப்பதும் மடிப்பதுமாக இருந்தேன்.

"இந்தப் பகுதி ஆளுங்க சொன்னாங்க" என்றார்.

என்னைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் நான் எழுந்திருப்பேனோ என்னவோ. எழுந்து என்ன சொல்லியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை. அவர் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

மண் அடித்தார்கள். சுவர் எழுப்பினார்கள். அந்தச் சுவருக்கும் சில இடங்களில் குழி தோண்டினேன். கட்டடம் பாதி எழும்பியிருந்தபோது, ஒரு ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்தது. தண்ணீர் பழைய கல் இருந்த இடத்துக்கு வர முடியாமல் சுவரில் மோதித் திரும்பி, டீச்சர் தெருவுக்குள் போனது.

விடிந்ததும் நான் ஓடினேன். தெருவில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். டீச்சர் கட்டிலின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா தம்பி. முதல்ல அந்தப் பெட்டிய எடுங்க" என்றார். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. தூக்கியபோது மூலையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

மொட்டை மாடியில் வைத்துத் திறந்தோம். உள்ளே போட்டோக்கள். வருஷா வருஷம் வகுப்புப் பிள்ளைகளோடு எடுத்தவை. முப்பதுக்கு மேல் இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தால் முகங்கள் அடுத்த அட்டையோடு உரிந்து வந்தன. டீச்சர் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் பிரித்து வெயிலில் பரப்பினார். எல்லாவற்றிலும் டீச்சரின் சேலை தெரிந்தது. பிள்ளைகள் பாதிப் பேர் இல்லை. பறக்காமலிருக்க நான் ஓரத்தில் சின்னச் சின்னக் கல் எடுத்து வைத்தேன். என் சட்டை இன்னும் சொட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார்.

"உள்ள வெந்நீர் போட அடுப்பும் இல்ல. வீட்டுக்குப் போயி தலையத் தொவட்டுங்க தம்பி."

அவர் ஒரு சொல்கூடக் குத்திப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த மாதமே மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டை விற்கப் பார்த்தார்கள், தண்ணீர் வந்த தெரு என்பதால் கேட்பாரில்லை. பூட்டிக் கிடக்கிறது. வளாகம் திறந்தார்கள். எனக்குச் சொன்னபடி வேலை கொடுத்தார்கள். கல்லுக்கு விளக்கேற்றும் பொறுப்பையும் கொடுத்தார்கள். சாமியைக் கண்டுபிடித்தவன் நானல்லவா.

மறு வருஷ மழையிலும் அந்தத் தெருவில் தண்ணீர் நின்றது. இந்தத் தடவை ஒரு நர்ஸ் குடும்பம் சாமான்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தது. நான் வேலை முடிந்து சைக்கிளில் அந்த வழியாக வந்தேன். ஆட்டோவில் இடமில்லாமல் ஒரு தையல் மெஷினைத் தெருவிலேயே விட்டுப் போனார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து கே.கே. நகருக்கு நடந்தே போனேன். வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நின்றேன்.

டீச்சர் சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். மகள் வீட்டு ஹாலில் உட்கார வைத்தார். காபி வந்தது. குடித்து முடித்தும் டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

"என்ன தம்பி, எதும் விசேஷமா? பிள்ளைக்குக் கல்யாணமா?"

"இல்ல டீச்சர். அந்தக் கல்லுல எழுத்து இருக்கு."

ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. சாமி என்று சொன்னது, குழிக்குள் பார்த்த அம்புக்குறி, மச்சானிடம் சொன்ன பொய், சிமெண்டு ஊற்றியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார்.

"அன்னைக்கு மண்டபத்துல நான் உங்களத்தான பாத்தேன்."

"பாத்தீங்க டீச்சர்."

"ஏன் தம்பி சொல்லல?"

எவ்வளவோ காரணம் யோசித்து வைத்திருந்தேன். பிழைப்பு, மச்சான், ஊர் என்று. வாயில் வந்தது வேறு.

"கூட்டமா இருந்துச்சு டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "எம் பெட்டி நனஞ்ச அன்னைக்கு மாடியில நாம ரெண்டு பேருதான இருந்தோம்" என்றார்.

எழுந்து உள்ளே போனார். கோபத்தில் கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறார் என்று நினைத்து நானும் எழுந்துவிட்டேன். ஒரு முழுத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"உக்காருங்க. என்ட்ட சொன்னத அப்பிடியே எழுதுங்க. யாரும் பாக்க மாட்டாங்க. நானும் உள்ள போறேன்."

கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதுவது தவிர நான் எழுதிப் பல வருஷம். ஒரு பக்கம் எழுத மத்தியானம் வரை ஆனது. முடித்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். பேனாவைக் கையில் வைத்திருந்தும் எதையும் திருத்தவில்லை. கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். தன் வீட்டுக்கு இனி இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, தெருவில் மிச்சமிருப்பவர்களிடம் கொடுக்கிறேன் என்றார். வாசல் வரை வந்தார். வழக்கமாகப் "போயிட்டு வாங்க தம்பி" என்பவர் அன்று தலையை மட்டும் அசைத்தார்.

தெருக்காரர்கள் அதைத் தாலுகா ஆபீசில் கொடுத்திருக்கிறார்கள். மண்டபத்துச் சுவரை உடைத்துக் கல்லைப் பார்க்க அதிகாரி வருவார் என்று அங்கே சொன்னார்களாம். ஊருக்குத் தெரிந்துவிட்டது. மச்சான் டீக்கடையில் வைத்து எல்லாரும் கேட்கும்படி கேட்டார்.

"ஏன் மாப்ள, சாமியக் குடுத்ததும் நீ, இப்ப சாமி வீட்ட இடிக்கச் சொல்றதும் நீ. நாளைக்கு என்னையும் மச்சான் இல்லேன்னு எழுதிக் குடுப்பியோ?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன். வளாகத்து மேனேஜரும் கூப்பிட்டு, "நீயா எழுதுனது?" என்றார். "ஆமா சார்" என்றேன். "அதிகாரி வரட்டும், பாப்போம்" என்றார். அதுவரை வேலைக்கு வரச் சொன்னார். வேறு ஆள் கிடைக்கும் வரை என்று அதற்கு அர்த்தம்.

அதிகாரி இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் என்கிறார்கள், போன வாரமும் அப்படித்தான் சொன்னார்கள். நான் தினமும் எண்ணெய் ஊற்றித் திரி போட்டு விளக்கேற்றுகிறேன். ஏற்றிவிட்டு, முன்பு மாதிரி ஒதுங்கிப் போவதில்லை. மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்க்கிறேன். அவர்கள் வந்து எங்கே உடைப்பது என்று கேட்டால் தேட வேண்டியிருக்காது. கீழேயிருந்து மூன்றாவது வரிசை, இடது ஓரத்திலிருந்து இரண்டாவது கல்லுப் பலகை. அதற்குப் பின்னால் ஒரு சாண் சிமெண்டு, அதையும் பெயர்த்தால் எழுத்து. ஊற்றியவன் நான், அளவு தெரியும். எத்தனை பேர் கூடி நின்றாலும் அதைச் சொல்ல வேண்டும் என்று, புல்லுக்குத் தண்ணீர் விடும்போது வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.